வெளிநாட்டில் நர்ஸ் வேலை: இராமநாதபுரம் கடற்கரையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே உள்ள ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள் நான். மதுரையில் நர்சிங் டிப்ளமோ முடித்து, நம் மாவட்டத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன். பிறகு ஓமனிலும் சவுதியிலுமாகப் பதினொரு ஆண்டுகள் வார்டில் நின்றேன். ஊர் திரும்பியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் யாராவது சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழக்கரை, தொண்டி, பாம்பன், ஏர்வாடி, மூக்கையூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சில பிள்ளைகளோடு அப்பாவும் வருவார். படகை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுப்பவர்கள் குறைவு. வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற பிறகு இரண்டு ஆண்டு வார்டு அனுபவம் கேட்கின்றன. அதற்குப் பின் வேலையை விட்டு நீண்ட நாள் வீட்டில் இருந்தாலும் சிக்கல்தான். கல்யாணம், பிரசவம் என்று மூன்று நான்கு ஆண்டு இடைவெளி விழுந்த பிள்ளைகள் மறுபடி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பணிபுரிந்த பிறகே விண்ணப்பிக்க நேர்கிறது.

இந்த இரண்டு ஆண்டைக் காத்திருக்கும் காலம் என்று எண்ணாதீர்கள். பாம்பனைச் சேர்ந்த ஒரு பெண் என் வீட்டில் உட்கார்ந்துதான் இணையவழி நேர்காணலில் பேசினாள். வீட்டில் சிக்னல் சரியில்லை என்று இங்கே வந்திருந்தாள். அவள் கையாண்ட ஓர் அவசர நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். முதலில் மாரடைப்பைப் பற்றிப் பாடத்தில் படித்ததை ஒப்பித்தாள். எதிர்முனையில் இருந்த அம்மையார் பேனாவைக்கூட எடுக்கவில்லை. பிறகு அவளாகவே நிறுத்தி, திருக்கை முள் குத்திய ஒரு மீனவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது அவர் கால் வீங்கிக் கறுத்திருந்தது, வலியில் கத்திக்கொண்டிருந்தார். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அமிழ்த்தி, ஆற ஆற மாற்றி ஊற்றினாள். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் எக்ஸ்ரே எழுதினார். டெட்டனஸ் ஊசி போட்டு, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் குறித்தாள். அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் சூடு அதிகமாகித் தோல் வெந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டார். "முதலில் என் முழங்கையை வைத்துப் பார்த்தேன், குத்தாத காலையும் கூடவே வைக்கச் சொல்லி, சூடு தாங்குகிறதா என்று கேட்டேன்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பதிலை எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

அனுபவத்துக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. நம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தனியார் ஆஸ்பத்திரிகளும் பெருகியிருக்கின்றன. வெளிநாட்டில் கேட்பது அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், அறுவை அரங்கு, பிரசவ வார்டு ஆகியவற்றில் பெற்ற அனுபவம். அதோடு எத்தனை படுக்கை கொண்ட மருத்துவமனை என்றும் கேட்பார்கள். ஐந்து படுக்கை நர்சிங் ஹோமில் ஊசி போட்டும் சீட்டு எழுதியும் கழித்த மூன்று ஆண்டைவிட, பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் கழித்த ஒன்றரை ஆண்டு நேர்காணலில் எடுபடும்.

இடத்தைவிட முக்கியம், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கான எழுத்து ஆதாரம். நம் ஊர்ப்பக்கம் பல இடங்களில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். அப்படி வாங்காதீர்கள். பணி நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் வரும் சம்பளம், பி.எஃப். எண் மூன்றையும் முதல் நாளே கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. நர்ஸ் கிடைக்காமல் தவிக்கும் ஆஸ்பத்திரிகள்தான் இன்று அதிகம். தைரியமாகக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திண்ணைக்கு வரும் பத்துக் கோப்புகளில் பாதிக்குமேல் இந்தச் சிக்கலில்தான் நிற்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராகி நிற்கும். போதாக்குறைக்கு 'ழ' வேறு. கயல்விழி என்ற பெயரை ஒரு சான்றிதழில் 'இசட் ஹெச்' போட்டும், இன்னொன்றில் 'எல்' போட்டும் எழுதியிருப்பார்கள். கடைசி எழுத்து ஓரிடத்தில் 'ஐ', ஓரிடத்தில் 'ஒய்'. நமக்கு அது ஒரே பெயர். தோஹாவிலோ லண்டனிலோ உட்கார்ந்து சரிபார்க்கும் ஊழியருக்கு அது மூன்று வெவ்வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைத் தாளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நர்சிங் மதிப்பெண் பட்டியல், பட்டயம், கவுன்சில் பதிவு, ஆதார், பாஸ்போர்ட், அனுபவக் கடிதம் எல்லாவற்றிலும் உள்ள பெயரை எழுத்து மாறாமல் வரிசையாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். எது ஒட்டவில்லை என்பது உடனே கண்ணில் படும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம். இனிஷியலை விரித்து எழுதுவதற்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு அந்த நகலைக் கோப்பில் சேருங்கள். பாஸ்போர்ட்டை மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் மறுவெளியீடாக வாங்கலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதனால் அனுபவம் சேர்க்கும் அந்த இரண்டு ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகே வந்தது. இடைப்பட்ட நாட்களில் நம்மவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

டேட்டாஃப்ளோ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

நீங்கள் கொடுத்த சான்றிதழ் உண்மையா என்று, அதை வழங்கிய இடத்துக்கே நேராக எழுதிக் கேட்கும் சரிபார்ப்பு. டேட்டாஃப்ளோ என்பது அதைச் செய்யும் நிறுவனத்தின் பெயர். துபாய், அபுதாபி, சவுதி, கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய இடங்களில் லைசென்ஸ் வாங்க இந்தச் சரிபார்ப்பு தேவை. படிப்புக்குப் பல்கலைக்கழகத்தையோ தேர்வு நடத்திய குழுவையோ கேட்பார்கள். பதிவுக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தைக் கேட்பார்கள், அனுபவத்துக்கு நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைக் கேட்பார்கள். அதன் பிறகு புரோமெட்ரிக் போன்ற கணினித் தேர்வு வரும். சில நாடுகளில் தேர்வை முதலில் எழுதிவிட்டும் சரிபார்ப்புக்குப் போகலாம்.

இங்கே மூன்று விதமாக முடிவு வரும். சரி என்று வந்தால் நல்லது. சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால், ஆஸ்பத்திரி பதில் போடவில்லை என்று பொருள். சான்றிதழ் போலி என்று வந்தால் அந்தக் குறிப்பு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் எதிரே வந்து நிற்கும். ஆறு மாத அனுபவத்தை இரண்டு ஆண்டு என்று எழுதித் தருகிறேன், ஐயாயிரம் கொடு என்பவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு ஆயுள் முழுவதற்குமான கதவை அடைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

நேர்மையாக வேலை பார்த்தவர்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே டாக்டர் நடத்திய ஆஸ்பத்திரி, அவர் காலமான பிறகு மூடிக் கிடக்கும். கடிதம் போனால் பதில் சொல்ல ஆளில்லை. இதற்குத்தான் வங்கிக் கணக்குப் பதிவும் பி.எஃப். எண்ணும் வேண்டும் என்றேன். ஆஸ்பத்திரி இயங்கிக்கொண்டிருந்தால், கடிதம் வரப்போகிறது என்று அலுவலகத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பெட்டியில் கிடக்கும் மின்னஞ்சலை யாரும் திறக்காததால் மூன்று மாதம் இழந்தவர்களை நான் அறிவேன்.

ஏஜெண்ட் நான்கு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அது உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். 18 சதவீதம் சேர்த்தால் 35,400 ரூபாய். ரசீது தர வேண்டும். பிரிட்டனில் ஆள் எடுப்புக்கான அரசு நெறிமுறை, வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதையே தடை செய்கிறது.

'இமைகிரேட்' என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர் பெரும்பாலும் ஏஜென்சிக்காரர் அல்லர், அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அப்படிப்பட்ட துணை ஏஜெண்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இவர்கள் நடமாட்டம் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வருமானம் நின்று, கடன் கழுத்தைப் பிடிக்கும் நேரம் அது. அப்பாக்கள் நகையையோ படகையோ அடகு வைக்க இசைந்துவிடுகிறார்கள். ஐயா, உங்கள் மகள் கையில் படிப்பும் பதிவும் இருக்கின்றன. அவளைத் தேடி எடுக்க அந்த மருத்துவமனைதான் செலவு செய்ய வேண்டும். படகு கடற்கரையிலேயே இருக்கட்டும்.

அரசாங்க வழியில் போக முடியாதா?

முடியும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. சவுதி சுகாதார அமைச்சகம், குவைத், பிரிட்டன் என்று அவ்வப்போது நர்ஸ் தேர்வு அறிவிப்புகள் வெளியாகும். அவர்களுடைய இணையதளத்தில் பெயரைப் பதிந்து, விவரக்குறிப்பை ஏற்றி வையுங்கள். நேர்காணல் அறிவிப்புக்கும் நாளுக்கும் இடையே சில நேரம் ஒரு வாரம்தான் இருக்கும். கோப்பு முன்பே தயாராக இருந்தால்தான் இராமேஸ்வரத்தில் இரவு ரயில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்க முடியும்.

2015-இலிருந்து இன்னொரு விதி இருக்கிறது. சவுதி, குவைத், ஓமன், கத்தார், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர், எந்த வகைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், குடிபெயர்வு அனுமதி வாங்கியே போக வேண்டும். இமைகிரேட் வழியாகவே அது கிடைக்கும். அந்த அனுமதி இருந்தால், உங்களை எடுத்தவர் யார், என்ன சம்பளம் என்பது அரசிடம் பதிவாகிவிடுகிறது. அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம்.

30 வயது ஆகாத பெண் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக முடியாது என்கிறார்களே?

அந்த வயது வரம்பு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகைப் (ஈ.சி.ஆர்.) பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு. நர்சுகளுக்கு அதில் விலக்கு உண்டு. 22 வயதுப் பெண்ணும் முறையான நர்ஸ் விசாவில் போகலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். வயதைச் சாக்காக வைத்து, வேறு விசாவில் அழைத்துப் போகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 'ஹோம் நர்ஸ்' என்று பேசி, விசாவில் கத்தாமா என்று இருக்கும். அதாவது வீட்டுப் பணிப்பெண். அந்த விசாவில் போன பெண்ணுக்கு வெள்ளைச் சீருடை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, அந்த ஆண்டுகள் அனுபவமாகவும் சேராது. விசா அரபியில் இருக்கும். தொழில் என்று குறிப்பிட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அரபி தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். நம் கடற்கரையில் அரபி படித்த ஆலிம்கள் இல்லாத ஊர் குறைவு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தயங்காமல் போய்க் கேளுங்கள், மனமுவந்து படித்துச் சொல்வார்கள்.

சாச்சா (சித்தப்பா) துபாயில் இருக்கிறார். விசிட் விசாவில் போய்த் தேடட்டுமா?

தங்க வீடும் துணைக்கு ஆளும் இருப்பது பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் லைசென்சுக்கான தேர்வும் சரிபார்ப்பும் முடிந்து தகுதிக் கடிதம் கையில் வருவதற்கு முன் போகாதீர்கள். அதையெல்லாம் இங்கிருந்தே செய்யலாம். கடிதம் இல்லாமல் போனால், விசா நாட்கள் கரையக் கரையப் பதற்றம் கூடி, எந்தச் சம்பளம் சொன்னாலும் தலையாட்ட வேண்டிய நிலை வரும்.

எந்த நாடு நல்லது?

வளைகுடாவில் சீக்கிரம் போகலாம். வருமான வரி இல்லை, தங்குமிடம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், கையில் சேமிப்பு நிற்கும். குடியுரிமை கிடைக்காது. ஒரு நாள் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதினால் மூன்றில் பி, எழுதுதலில் சி பிளஸ். பிறகு இங்கேயே கணினித் தேர்வு. அங்கே போன பிறகு பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு, அதன் கட்டணம் 794 பவுண்டு. எடுக்கும் மருத்துவமனையே பெரும்பாலும் அதைக் கட்டிவிடும். 2025-26-இல் புதிய நர்சுக்கு இங்கிலாந்து அரசு மருத்துவமனையில் ஆண்டுச் சம்பளம் 31,049 பவுண்டிலிருந்து தொடங்கியது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், வாடகையும் வரியும் அதிலேதான் போக வேண்டும். 'கேர் ஒர்க்கர்' (பராமரிப்புப் பணியாளர்) விசா என்று யாராவது இப்போதும் பணம் கேட்டால் உடனே எழுந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் நிறுத்திவிட்டது.

ஜெர்மனிக்கு மொழிதான் எல்லாம். முழு நர்சாகப் பதிவு பெற ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 என்ற உயர் இடைநிலை வேண்டும். ஓராண்டு வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து படிக்க முடிந்தால் முயலுங்கள். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் கோதே நிலையம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஜெர்மனியிலேயே மூன்று ஆண்டு நர்சிங் பயிற்சியில், உதவித்தொகையோடு சேரும் வழியும் உண்டு.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வை நன்றாக எழுதியவர்கள்கூடக் குடியேற்ற விசா வரிசையில் நிற்கிறார்கள். இந்தியர்களுக்கு அந்த வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் நீள்கிறது. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

என்னைக் கேட்டால், குடும்பக் கடன் இருப்பவர் முதலில் வளைகுடாவுக்குப் போய் மூன்று ஆண்டு உழைத்துக் கடனை அடைத்துவிட்டு, அங்கிருந்தபடியே ஓ.இ.டி. எழுதலாம். கடன் இல்லாதவர் நேராக மொழியில் இறங்கலாம்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் வருமா?

வரும். நானும் தமிழ் வழிதான். ஓ.இ.டி.யில் வருவதெல்லாம் வார்டில் நாம் பேசுவது: நோயாளியிடம் விசாரிப்பது, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும் கடிதம் எழுதுவது. அதனால் நர்சுகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைவிட அது பழகிய களம். தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு நோயாளியைப் பற்றிப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள், பெயரைக் குறிப்பிடாமல். நூறு நாளில் கை ஓடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். வளைகுடா வார்டில் இந்தியும் மலையாளமும் பெரிய உதவி. இராமேஸ்வரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தி வாசலுக்கே வருகிறது. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வெறும் வயிற்றோடு மயங்கி விழும் வடநாட்டுப் பெரியவர்களை அழைத்து வருவார்கள். எங்கே வலிக்கிறது, சர்க்கரைக்கு மாத்திரை போட்டீர்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் மொழியில் கேட்கப் பழகுங்கள். மஸ்கட்டில் என்னுடைய முதல் மாதத்தை அந்த இந்திதான் காப்பாற்றியது.

மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

வளைகுடாவுக்கான பரிசோதனைக்கு 'வஃபித்' என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவர்கள் மையத்தை ஒதுக்குவார்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். பழைய காசநோய்த் தழும்பு நுரையீரலில் தெரிந்தாலே தகுதியில்லை என்று வந்துவிடுகிறது. முழுதாகக் குணமானவர்களுக்கும் இதே நிலை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி இருக்கிறது. அதனால் ஏஜென்சிக்கோ தேர்வுக்கோ பணம் கட்டுவதற்கு முன், சொந்தச் செலவில் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்து பாருங்கள். தழும்பு இருந்தால் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளை யோசியுங்கள். அங்கே இப்போது நோய் இருக்கிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். வார்டில் முகக்கவசம் இல்லாமல் காசநோயாளி பக்கத்தில் நிற்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

லேப், எக்ஸ்ரே, பார்மசி படித்தவர்களுக்கு வழி உண்டா? ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்புக்கு?

உண்டு. சரிபார்ப்பு, தேர்வு, லைசென்ஸ் என்ற அதே பாதைதான். பட்டப் படிப்பும் டிப்ளமோவும் அங்கே வேறு வேறு பதவி. டி.பார்ம். முடித்தவர் பெரும்பாலும் உதவியாளர் நிலையிலும், பி.பார்ம். முடித்தவர் மருந்தாளுநர் நிலையிலும் போகிறார்கள். ஏ.என்.எம். படிப்பு பதிவு பெற்ற நர்ஸ் தகுதிக்குச் சேராது. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை வைத்து நர்ஸ் லைசென்ஸ் வாங்க முடியாது. கடைவீதி மாடியில் பலகை மாட்டியிருக்கும் பயிற்சி நிலையங்களில் சேருமுன், அந்தப் படிப்பை எந்தக் கவுன்சில் பதிவு செய்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஆண் நர்சுகளுக்கு?

சவுதி அரசு அறிவிப்புகளில் பெண்களுக்கே இடம் அதிகம். அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ், டயாலிசிஸ், எண்ணெய் வயல் முகாம்கள் போன்றவற்றில் ஆண்களைத் தேடுகிறார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வேறுபாடு இல்லை.

ஆஸ்பத்திரி என் ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுக்கிறது. என்ன செய்வது?

இது எனக்கே நடந்தது. நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரிஜினலை வாங்கிக்கொண்டு, ஓமன் வேலை கிடைத்த சமயத்தில் பாண்டு (இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்) முடியவில்லை என்று ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அந்த வேலை கைநழுவிப்போனது. அடுத்ததற்கு இன்னும் ஓராண்டு காத்திருந்தேன். வெளிவாசலில் உட்கார்ந்து அழுத அந்த மதியம் இன்றும் நினைவிருக்கிறது. அன்று என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, எதை வைத்துக் கேட்பது என்றே தெரியவில்லை.

நீங்கள் அப்படி நிற்கக்கூடாது. சேரும்போது நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் பெறுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு செவிலியர் குழுமத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் நகலோடு போங்கள். சான்றிதழ் உங்கள் சொத்து. பாண்டு பற்றிய வழக்கு ஏதாவது இருந்தால் அதை அவர்கள் தனியே நடத்திக்கொள்ளட்டும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அடிப்படைச் சம்பளத்தை. மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படையைச் சிறிதாக வைப்பார்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் சர்வீஸ் பணம் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். பிறகு வார வேலை மணி, விடுமுறைக்கு விமான டிக்கெட் யார் செலவு, தங்குமிடத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அங்கே போய்க் கையெழுத்திடச் சொல்வதும் ஒன்றா என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சம்பளம் குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாமல், ஊருக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை கிடையாது.

அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால் யாரிடம் போவது?

அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திடம். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயரையும் முகவரியையும் அங்கே பதிந்து வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது, ஊரிலிருந்து பெற்றோர் மனு கொடுக்கலாம். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்திய நர்சுகள் ஜூலை மாதம் பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கினார்கள். எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது, தொலைபேசித் தொடர்பும் அறவில்லை. போர் நடக்கும் நாட்டுக்கு எவ்வளவு சம்பளம் சொன்னாலும் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கிளம்பும்போது வீட்டில் எதை விட்டுச் செல்ல வேண்டும்?

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், குடிபெயர்வு அனுமதி, காப்பீடு, லைசென்ஸ் ஆகியவற்றின் நகல் ஒரு தொகுதி. மருத்துவமனை முகவரி, தூதரக எண், அங்கே தெரிந்த ஒருவரின் எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனேன், யார் வீட்டுக்குள் வந்தாலும் கண்ணில் படும் என்று. அங்கே போனதும், சம்பளம் அனுப்ப, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு முறை அழைப்பு வராவிட்டால் யாரிடம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள்.